பந்து வரும்போதெல்லாம் வானம்

அத்தியாயம் பன்னிரண்டு

போன வாரம் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பெண்ணை இந்த வாரம் பத்திரமாக இறக்கிவிட வேண்டும் அல்லவா? இறங்கிவிட்டாள். சனிக்கிழமை காலை எட்டே முக்கால் மணி. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கண்ணில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி.

கல்லூரியில் அவளைப் பிசின் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் பட்ட பந்து ஒட்டிக்கொள்கிறது என்று யாரோ வைத்த பெயர், அதுவும் ஒட்டிக்கொண்டது. பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியில் நாட்டுக்காக ஆறு ஆட்டங்கள் கீப்பராக நின்றவள். பிறகு வலது கை விரல் முறிந்ததும், விரல் சரியான பின்னும் கல்லூரி அணியில் இடம் கிடைக்காததும் நமக்குத் தெரிந்த கதை. முன்களத்தில் ஆடுகிறவளை நகர்த்தி நடுக்களத்தில் போடலாம். கீப்பரை எங்கே நகர்த்துவது? வலை ஒன்றுதான், ஆளும் ஒருத்திதான். அந்த ஒருத்தி, பிசினைவிடப் படிப்பில் ஒரு வருடமும் வயதில் நாலே மாதமும் மூத்த கேப்டன் நெட்டை. பிசினுக்குப் பெஞ்ச்.

பெஞ்ச் என்றால் காலை ஆட்டிக்கொண்டு உட்காரலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆடாத கீப்பர், கோல் வலைக்குப் பின்னால் நின்று, ஆடுகிற கீப்பரை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை கேமராவில் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை இருவரும் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். ஒரு வருடமாகப் பிசின் நெட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். படம் ஓடும்போது அவள் வாயும் ஓடும். 'முன்னாடி வா, முன்னாடி வா, இப்ப நில்லு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆட முடியாதவள் வேறு என்னதான் செய்வாள், பாவம்.

இந்த நிலையில்தான் இருபது வயதுக்குட்பட்டோர் அணியின் கீப்பர் கோச்சிடமிருந்து போன் வந்தது. நாடு முழுக்க எல்லோருக்கும் அவர் வெறும் 'சார்'. வெளிநாட்டுப் போட்டிக்கு முன்னால் முகாம் போடுகிறார்கள். மூன்று கீப்பர்களில் இரண்டு பேர் முடிவாகிவிட்டார்கள், ஓர் இடம் பாக்கி. இந்த சீசனில் ஆடிய ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். அடுத்த வருடம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அடுத்த வருடம் பிசினுக்கு வயது தாண்டிவிடும்.

இந்த சீசனில் அவள் முழுதாக ஆடியது ஒரே ஒரு ஆட்டம். நெட்டை காய்ச்சலில் படுத்திருந்த அன்று. ஒரு கோல்கூட விடவில்லை, ஒரு பெனால்டியையும் பிடித்தாள். அன்று ஆடாத கீப்பர் என்று யாரும் இல்லாததால் படம் எடுக்கவும் ஆள் இல்லை. அம்மாதான் கேலரியில் நின்று தன் போனில் எடுத்தாள். ஹாஸ்டலுக்கு அனுப்ப மூன்று முறை முயன்று மூன்று முறையும் பாதியில் நின்றுபோக, நேரில் வந்து வாங்கிக்கொள்வது என்று பிசின் பஸ் ஏறினாள்.

அவ்வளவுதான் முன்கதை. இனி வீட்டுக்குள் போவோம்.

"முழுசா எடுத்திருக்கியாம்மா?" செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"தொண்ணூறு நிமிஷமும் எடுத்திருக்கேன். கை ரெண்டு நாள் வலிச்சுது" என்றாள் அம்மா.

"நீ பார்த்தியா?"

"நான்தான் நேர்லயே பார்த்தேனே. அதை வேற எதுக்குப் பார்க்கணும்?"

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பாள். நரம்பு கிடைக்காத ஆசாமிக்குக்கூட ஒரே குத்தில் கிடைத்துவிடும் என்று அங்கே பெயர். நடுங்காத கை. அந்தக் கை எடுத்த படம் எப்படி இருக்கும் என்று பிசினுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து போனை மாட்டினாள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் ரொட்டியும் முட்டையுமாக அப்பா.

முதல் மூன்று நிமிடம் அற்புதம். தலை முதல் கால் வரை பிசின் தெரிகிறாள். கையுறையை இறுக்குகிறாள், தடுப்பாட்டக்காரிகளைச் சத்தம் போட்டு நகர்த்துகிறாள், பந்து நகர நகர இரண்டடி இடம், இரண்டடி வலம் என்று நகர்கிறாள்.

"பார்த்தியா?" என்றாள் அம்மா பெருமையாக.

நாலாவது நிமிடம் எதிரணிக்காரி ஒருத்தி பந்தோடு ஓடி வந்தாள். படம் ஒரு குலுங்கு குலுங்கியது. அப்புறம் வானம் தெரிந்தது. நல்ல நீல வானம். ஓரத்தில் ஒரு துண்டு மேகம். 'ஐயோ' என்று அம்மாவின் குரல். கைத்தட்டல். மறுபடி பிசின், கையில் பந்தோடு.

"இது என்னது?"

"கை லேசா ஆடியிருக்கும்" என்றாள் அம்மா.

ஒன்பதாவது நிமிடம் கார்னர். இந்த முறை முன்வரிசைக்காரர் ஒருவரின் முதுகு. கட்டம் போட்ட சட்டை. பதினாறாவது நிமிடம் மறுபடி வானம், மேகம் இப்போது நடுவுக்கு வந்திருந்தது. இருபத்தெட்டில் சிமெண்ட் படிக்கட்டு. பிசின் பட்டனைத் தட்டித் தட்டி ஓட்டினாள். பந்து மறுபக்கம் இருக்கும்போதெல்லாம் மகள், பந்து மகளிடம் வரும்போதெல்லாம் வானமோ தரையோ முதுகோ. தொண்ணூறு நிமிடத்திலும் இதில் ஒரு பிசகு இல்லை.

பெனால்டிக்கு வந்தாள். நடுவர் கையை நீட்டுகிறார். பிசின் கோட்டில் போய் நிற்கிறாள், கையை விரிக்கிறாள். உதைக்கப்போகிறவள் நாலடி பின்னால் போய் ஓடி வருகிறாள். அடுத்து அம்மாவின் செருப்பு. இடது கால் செருப்பு, வார் கொஞ்சம் பிய்ந்தது. பக்கத்தில் ஒரு காலி பாட்டில். மைதானமே கத்துகிறது.

பிசின் மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

"அம்மா, இது நான் பிடிச்ச பெனால்டியா, இல்ல உன் செருப்பு பிடிச்ச பெனால்டியா?"

"அதுக்கப்புறம் பந்து உன் கையில இருக்குல்ல? அப்ப நீதானே பிடிச்சிருக்கணும்."

"சார்கிட்ட இப்படியே சொல்லட்டுமா? பந்து கையில இருக்கு சார், மீதியை நீங்களே யோசிச்சுக்கோங்கன்னு?"

"கோவப்படாதடி. பந்து உன்கிட்ட வந்தா நான் கண்ணை மூடிக்குவேன். அந்த நேரத்துல கை என்ன பண்ணுச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"நாள் பூரா ஊசி குத்தற. ரத்தத்தைப் பார்த்து பயப்படாதவ பந்தைப் பார்த்து பயப்படுவியா?"

"அது அடுத்தவங்க கைடி" என்றாள் அம்மா.

விரல் முறிந்த அன்று, இதே மாதிரி ஒரு கேலரியில் நின்று மகள் அலறியதைக் கேட்டவள் அவள். அது பிசினுக்கும் தெரியும். தெரிந்தால் கோபம் அடங்கிவிடுமா என்ன? இரண்டு மடங்காக ஏறியது. ஒரு வருடத்துக் கோபம் அது. நெட்டையிடம் காட்ட முடியாது, கல்லூரி அணியின் கோச் மேடத்திடம் காட்ட முடியாது. அம்மாவிடம் காட்டலாம், அம்மா எங்கே போய்விடப் போகிறாள்?

"உனக்குப் பார்க்கப் பிடிக்கலைன்னா வராம இருந்திருக்கலாம். வேற யார்கிட்டயாவது போனைக் குடுத்திருப்பேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அதையும் கெடுத்துட்ட."

அம்மா மணியைப் பார்த்தாள், பையை எடுத்தாள், வேலைக்குக் கிளம்பிவிட்டாள். தட்டில் அவள் பங்கு ரொட்டி அப்படியே இருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எது நின்றுபோனாலும் இன்னொரு வழியில் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

"எதிர் டீம்ல யாராவது எடுத்திருப்பாங்களே" என்றார்.

கேட்டாள். எடுத்திருந்தார்கள், அவர்களுடைய கோலுக்குப் பின்னாலிருந்து. அனுப்பியும் வைத்தார்கள். அதில் பிசின் எறும்பு அளவுக்குத் தெரிந்தாள். எறும்பு குதிக்கிறது, பந்து எங்கேயோ போகிறது.

"அதே ஆளுங்களை வெச்சு இன்னொரு தடவை ஆட முடியாதா?"

"அப்பா, இது லிஃப்ட் இல்ல. மறுபடி மேலேருந்து கீழே ஓட்டிப் பார்க்கறதுக்கு."

கோச் மேடத்தைக் கூப்பிட்டாள். "நீ நல்லா ஆடினேன்னு எழுதித் தரேன்மா, வீடியோ இல்லையே" என்றார் அவர். நல்லா ஆடினவளை அடுத்த ஆட்டத்துக்கே ஏன் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. மென்று விழுங்கினாள்.

மிச்சம் இருந்தது நெட்டை. அவளுக்கு எல்லா ஊரிலும் ஆள் பழக்கம். கேலரியில் எடுத்தவர்கள் யாரையாவது தெரிந்திருக்கலாம். மதியம் பன்னிரண்டு மணிக்கு வேறு வழியில்லாமல் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க காய்ச்சல்ல படுத்திருந்த அன்னைக்கு ஆட்டம். அதை யாராவது போன்ல எடுத்தாங்களா, தெரியுமா?"

"எதுக்குடி?"

"சார் கேட்டிருக்காரு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"உன்னையும் கேட்டாரா?" என்றாள் நெட்டை.

இருந்தது ஓர் இடம். அதற்கு இன்னொருத்தி யார் என்று இத்தனை நாளாகப் பிசின் யோசிக்கவே இல்லை. கேப்டனும் பெஞ்சும் ஒரே இடத்துக்கு நிற்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

"நான் வியாழக்கிழமையே அனுப்பிட்டேன்" என்றாள் நெட்டை.

"எந்த ஆட்டம்க்கா?"

"மழையில ஆடினோமே, ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சோமே, அது. நீ எடுத்தது."

பிசின் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"உன்கிட்ட சொல்லணும்னுதான் நினைச்சேன். உன்னையும் கேட்டிருப்பாருன்னு தெரியாது. நீ பின்னாடி பேசினதெல்லாம் கூடவே போயிருக்கு. வெட்டக் கூடாதுன்னு சொன்னதால அப்படியே விட்டுட்டேன். தப்பா எடுத்துக்காத."

"இல்லக்கா" என்று சொல்லி போனை வைத்தாள்.

அந்த மழை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குடையைக் கேமராவுக்குப் பிடித்தாள், தன் தலைக்குப் பிடிக்கவில்லை. லென்ஸில் ஒரு துளி விழவிடவில்லை. நெட்டை பாய்ந்த பாய்ச்சல் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி தெரிகிற படம் அது. ஒரு வாரம் தும்மல் நிற்கவில்லை.

"என் கையால எடுத்தது அப்பா. ஆடாம அசையாம எடுத்தேன். அதை வெச்சு அவங்க போறாங்க. என்னை எடுத்தது இந்த லட்சணத்துல இருக்கு."

அப்பா ஸ்குரூடிரைவர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நீயும் கொஞ்சம் ஆட்டி எடுத்திருக்கலாம்" என்றார்.

சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அம்மா வேலையிடத்திலிருந்து கூப்பிட்டாள். "அனுப்பிட்டியா?"

"எதை? வானத்தையா?"

"இருக்கிறதை அனுப்பு."

"அனுப்பினா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். திட்டணும்னா என்னைத் திட்டச் சொல்லு, என் நம்பரைக் குடு."

பிசின் யோசித்தாள். அனுப்பாவிட்டால் இடம் இல்லை என்பது நிச்சயம். அனுப்பினால் இடம் இல்லை என்பது கிட்டத்தட்ட நிச்சயம். அந்தக் கிட்டத்தட்டவைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

அப்பா அன்று வேலை பார்த்தது ஓர் ஆபீஸ் கட்டடத்தில். அங்கே இன்டர்நெட் பறக்கும். சனிக்கிழமை மாலை என்பதால் மூன்றாவது மாடியில் ஈ காக்கை இல்லை. வாட்ச்மேனிடம் பாஸ்வேர்ட் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து, நாலு மணி பத்து நிமிடத்துக்கு வீடியோவை ஏற்ற ஆரம்பித்தாள். கீழே இரண்டு வரி எழுதினாள். 'சார், என் அம்மா எடுத்தது. பந்து வரும்போது படம் ஆடும். மன்னிக்கவும்.' மன்னிக்கவும் என்பதை அடித்தாள். யோசித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

நாற்பது சதவீதம். அறுபது. நாலே முக்காலுக்கு எண்பத்து மூன்று.

விளக்கு அணைந்தது. மோடத்தில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சைப் புள்ளியும் அணைந்தது.

"அப்பா..." படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

"லிஃப்டுக்குக் கரண்டை நிறுத்தினேன்மா" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"மாடிக்கே நிறுத்திட்டீங்க."

"ரெண்டு ஸ்விட்ச்சும் ஒரே மாதிரி இருக்கு."

காரியத்தைக் கெடுப்பதில் இவ்வளவு கெட்டிக்காரர்களான அம்மாவும் அப்பாவும் எதிரணியில் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள் பிசின். கரண்ட் வந்தது. மோடம் நிதானமாக, அவசரமே இல்லாமல் கண் விழித்தது. எண்பத்து மூன்றில் நின்ற கோடு அசையவில்லை, அசையவில்லை, பிறகு அசைந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தேகாலுக்கு அம்மா வேலை முடிந்து நேரே அந்தப் படிக்கட்டுக்கே வந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மகளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"காலையில நீ சொன்னது சரிதான். கெடுத்துட்டேன்."

பிசின் கொஞ்சம் நகர்ந்து தன் படியில் இடம் விட்டாள். அம்மா ஏறி உட்கார்ந்தாள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வந்து கீழ்ப்படியில் நின்றார்.

ஐந்து நாற்பதுக்கு போன் அடித்தது. சார்.

பாய்ந்து எடுத்ததில் ஸ்பீக்கர் பட்டன் அழுந்திவிட்டது. அணைக்கத் தோன்றவில்லை.

"நீ அனுப்பினதை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்மா" என்றார் சார்.

"சார்."

"பந்து வர்றப்பல்லாம் வானம் தெரியுது."

"அம்மா பயந்துட்டாங்க சார்."

"தெரியுது. சத்தமும் கேக்குது." அவர் குரலில் சிரிப்பு இல்லை. "நீ நிக்கிற இடமெல்லாம் சரியா இருக்கு. ஆனா பிடிச்சதைப் பார்க்காம நான் கமிட்டியில என்ன சொல்றது? அந்த இடம் உங்க கேப்டனுக்குப் போகுது. மத்தவங்க சொல்லித் தெரிய வேண்டாம்னு நானே கூப்பிட்டேன்."

அம்மா கோட்டின் நுனியைப் பிடித்து முறுக்கினாள். "சரி சார்" என்றாள் பிசின்.

"வைக்காத. இன்னொண்ணு கேக்கணும். அவ வீடியோல கேமராவுக்குப் பின்னாடி ஒரு பொண்ணு பேசிக்கிட்டே இருக்கு. யாரது?"

"நான்தான் சார். ஆடாத கீப்பர்தான் எடுக்கணும் எங்க டீம்ல."

"பதினேழாவது நிமிஷம். 'ரெண்டாவது கம்பம், ரெண்டாவது கம்பம்'னு சொல்ற. பந்து அப்பதான் எதிர் டீம் பொண்ணு காலை விட்டே கிளம்புது. நீ சொன்ன இடத்துக்கே வருது. அவ போகலை. கோல்."

"ஆமா சார்."

"அவங்க வாங்கின கோல் அது ஒண்ணுதான். ஆனா அந்த மாதிரி பதினாலு இடம் எண்ணினேன். பதினாலும் நீ சொன்னபடியே வந்துச்சு. மத்ததுல அவ அதிர்ஷ்டம், பந்து கம்பத்துல பட்டுது, இல்ல வெளிய போச்சு." என்றார் சார். "முகாமுக்கு வர்றியா? எங்க கீப்பர்களைப் படம் எடுக்கவும் கூட உட்கார்ந்து பேசவும் ஒரு ஆள் வேணும். டீமோட வெளிநாட்டுக்கும் வரலாம். நான் கேட்டு வாங்கித் தரேன்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மா மகளின் முழங்காலில் கை வைத்தாள்.

"ஆடறதுக்கா சார்?"

"இல்லம்மா. கேமராவோட."

ஒரு வருடமாக வலைக்குப் பின்னால் நின்ற கால் அவளுடையது. இனி நாட்டு அணியின் வலைக்குப் பின்னால் நிற்கலாமாம். நல்ல மனசோடுதான் சொல்கிறார், அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. திட்டுவதற்குக்கூட யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்தப் பதினாலு பந்துக்கும், நான் கேமராவுக்குப் பின்னாடி நிக்காம வலைக்கு முன்னாடி நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?"

சார் பதில் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.